எக்செல் சார்ட்டை ஆண்டுவாரியாக ஓட விடுவது எப்படி?

பத்து ஆண்டுகளின் கணக்கைப் பத்து சார்ட்டுகளாக அடுக்க வேண்டாம். ஒரே சார்ட் போதும், அதை நகர வைக்கலாம்.

முதல் வரிசையில் பி1 முதல் கே1 வரை ஆண்டுகள், அவற்றின் கீழே எண்கள் இருக்கட்டும். எம்1 என்ற செல்லில் 1 என்று இடுங்கள். என்2 செல்லில் =இண்டெக்ஸ்(பி2:கே2,$எம்$1) என்ற ஃபார்முலாவை ஆங்கில எழுத்தில், அதாவது =INDEX(B2:K2,$M$1) என்று தட்டி, கீழே இழுத்து விடுங்கள். எம்1-இல் உள்ள எண் எத்தனையாவது ஆண்டோ, அந்த ஆண்டின் எண்ணை இது எடுத்துத் தரும். அந்த டாலர் குறியை விட்டுவிட்டால் கீழே இழுக்கும்போது எம்1 என்பது எம்2, எம்3 என்று நழுவிவிடும். சார்ட்டை இந்த ‘என்’ (N) பத்தியிலிருந்து போடுங்கள்.

அப்புறம் டெவலப்பர் டேப்பில் (Developer tab) ஒரு ஸ்க்ரோல் பாரைச் செருகி, ஃபார்மட் கன்ட்ரோலில் குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 10, செல் லிங்க் எம்1 என்று கொடுங்கள். இழுக்க இழுக்கப் பட்டைகள் ஏறி இறங்கும்.

பலரும் கோட்டை விடுவது சார்ட்டின் செங்குத்து அச்சில் (ஆக்சிஸ்)தான். அதை ஆட்டோவிலேயே விட்டால் ஒவ்வொரு ஆண்டுக்கும் அளவுகோலே மாறிவிடும். இரண்டு மடங்கு வளர்ந்த பட்டைகூட வளராதது போலத் தெரியும். பார்ப்பவரை ஏமாற்றும் படம் அது. ஃபார்மட் ஆக்சிஸில் குறைந்தபட்சத்தை 0 என்றும், அதிகபட்சத்தைப் பத்து ஆண்டுகளிலும் பெரிய எண்ணுக்குச் சற்று மேலேயும் கட்டாயம் பூட்டி வையுங்கள்.

எந்த ஆண்டு ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே? என்1-இல் =இண்டெக்ஸ்(பி1:கே1,$எம்$1) போடுங்கள். சார்ட் தலைப்பைக் க்ளிக் செய்து, ஃபார்முலா பாரில் = தட்டி, என்1-ஐத் தொட்டு என்டர் கொடுங்கள். வேறு ஒருவருக்கு அனுப்ப வேண்டுமா? மெதுவாக நகர்த்தியபடி திரையை வீடியோவாகப் பதிவு செய்தால் போதும்.