பிரெஞ்சுச் சிலேடையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

பிரெஞ்சு கற்று இரண்டு மூன்று வருடம் ஆனதும், ஒரு நாவலை எடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. நான் எடுத்தது போரிஸ் வியான் 1947-ல் வெளியிட்ட 'லெக்கூம் தே ழூர்'. நடுவில் ஒரு மருந்துக் கடைக் காட்சி வரும் வரை பேனா நன்றாகத்தான் ஓடியது.

நாயகனின் மனைவிக்கு நுரையீரலில் அல்லி வளர்கிறது. அவன் மருந்துச் சீட்டோடு கடைக்குப் போகிறான். சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதற்குப் பிரெஞ்சில் 'எக்ஸெக்யூத்தே' என்பார்கள். மரண தண்டனையை நிறைவேற்றுவதற்கும் அதே வினைச்சொல்தான். கடைக்காரர் சீட்டை மடித்து, மேசைமேல் இருக்கும் குட்டி கில்லட்டினுக்குள் (தலை வெட்டும் பொறி) செருகுகிறார்!

'ஃபில் த பிரிஸ்கிரிப்ஷன்' என்று நான் எழுதியிருந்தேன். அமெரிக்க வழக்குப்படி சரிதான். ஆனால் படித்த நண்பர், "கில்லட்டின் எதுக்குய்யா வந்துச்சு?" என்று கேட்டார். அதற்கப்புறம் கற்றுக்கொண்ட முறை இது.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள். பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்யெழுத்துகள் பெரும்பாலும் ஒலிக்காது. அதனால் பச்சை, கண்ணாடி, புழு, கவிதை வரி, ஒரு வகை அணில் ரோமம் எல்லாமே காதுக்கு ஒரே 'வேர்'தான். சிண்ட்ரெல்லாவின் செருப்பு கண்ணாடியா ரோமமா என்ற பழைய சண்டை இந்த ஒலியால் வந்ததுதான். அந்தக் கதையைப் பிரெஞ்சில் எழுதிய பெரோ 1697-ல் அச்சிட்டது கண்ணாடி என்றே. கண்ணால் மட்டும் படித்தால் பாதிச் சிலேடை உங்களைத் தாண்டிப் போய்விடும்.

படி 2: எந்த வகை என்று பாருங்கள். இதற்கு நம் அணியிலக்கணமே போதும். சொல் பிரியாமல் நின்று இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. வேறு வேறாகப் பிரித்தால்தான் இன்னொரு பொருள் வரும் என்றால் பிரிமொழிச் சிலேடை.

மருந்துக் கடைச் சிலேடை செம்மொழி வகை. இந்த வகை சில சமயம் அப்படியே கடல் தாண்டும். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போய்விட்டன அல்லவா? 'எக்ஸிக்யூட்' அவற்றில் ஒன்று. பிரிமொழி வகையும் அதன் பங்காளிகளும் அநேகமாகத் தாண்டாது. அவற்றைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

ரேமோன் கெனோவின் 'ஸாஸி தான் லெ மெத்ரோ' (1959) நாவலின் முதல் சொல்லே அப்படி ஒரு பங்காளி: 'தூகிப்யூதோங்க்தான்'. அகராதியில் தேடாதீர்கள், கிடைக்காது. உரக்கச் சொன்னால், 'இவனுங்ககிட்ட எங்கேர்ந்துதான் இவ்ளோ நாத்தமோ' என்கிற தொனியில் ஒரு முழு வாக்கியம் அதற்குள் ஒட்டிக்கிடப்பது தெரியும். ரயில் நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் கேப்ரியல் மாமாவின் எரிச்சல் அது. பார்பரா ரைட் 1960-ல் இதை 'ஹவ்கேனேஸ்டிங்க்ஸோதோ' என்று ஆக்கினார். பிரெஞ்சு ஒலி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் ஒட்டிய ஒரே சொல், தெருப்பேச்சு, வாசலிலேயே வாசகரைத் தடுக்கிவிடும் குறும்பு எல்லாம் இருக்கின்றன.

ஒட்டுச்சொற்கள் மூன்றாவது வகை. வியானின் அதே நாவலில், வாசிக்கும் இசைக்கு ஏற்ப மது கலந்து தரும் 'பியானோக்டெயில்' வருகிறது. பியானோவும் காக்டெயிலும் ஆங்கிலத்திலும் உண்டு என்பதால் கைவைக்க வேண்டியதில்லை.

படி 3: சிலேடை அங்கே என்ன வேலை செய்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். கில்லட்டின் வெறும் சிரிப்புக்காக வந்ததில்லை. அல்லி அந்தப் பெண்ணைக் கொல்லப்போகிறது. மருந்துச் சீட்டின் கழுத்திலேயே கத்தி விழுகிறது. ஆகவே 'ஃபில்' என்பதை வைத்துக்கொண்டு சீட்டுக்குள் பஞ்சு அடைக்கிற மாதிரி புதுக் காட்சி செய்தால் சிரிப்பு வரும், சாவு வராது. கொலைக் கருவியை விடக்கூடாது என்று முடிவானது.

படி 4: காட்சியின் பக்கமிருந்து சொல்லைத் தேடுங்கள். தாளில் கில்லட்டின் என்று எழுதி, கொலைக்கும் கடைக்கும் பொதுவான ஆங்கிலச் சொற்களை அதைச் சுற்றி அடுக்கினேன். 'எக்ஸிக்யூட்' இருக்கிறது, 'பிரிஸ்கிரிப்ஷ'னோடு சேர்ந்தால் விறைப்பாக நிற்கிறது. ஆனால் 'ஆர்டர்' என்ற சொல்லோடு அது தினமும் புழங்குகிறது. டாக்டர் சொன்னதையும் ஆங்கிலத்தில் 'டாக்டர்ஸ் ஆர்டர்ஸ்' என்பார்கள். சீட்டை 'ஆர்டர்' ஆக்கியதும் கத்தி தானாக இறங்கியது. (தமிழில் பெயர்ப்பவர்களுக்கு 'நிறைவேற்று' காத்திருக்கிறது. கட்டளையையும் நிறைவேற்றலாம், தூக்குத் தண்டனையையும் நிறைவேற்றலாம்.)

படி 5: போனதை வேறு இடத்தில் ஈடுகட்டுங்கள். ஜார்ஜ் பெரெக் 1969-ல், ஆங்கில வரிசையின் ஐந்தாவது எழுத்தான 'ஈ' ஒருமுறைகூட வராமல் 'லா திஸ்பாரிஸியோன்' என்று ஒரு முழு நாவல் எழுதினார். தலைப்பு, காணாமல் போவது என்று பொருள்படும். அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லில் அந்த எழுத்து இரண்டு முறை வருகிறது! கில்பர்ட் அடேர் 1994-ல் 'எ வாய்ட்' என்று வைத்தார். வெற்றிடம் என்று பொருள். சேர்த்து எழுதினால் 'அவாய்ட்', அதாவது தவிர்ப்பது. மூலத்தில் இல்லாத சிலேடை இது.

ஆனால் ஒன்று வரவே வராது. பிரெஞ்சில் அந்த எழுத்தின் பெயரும் 'அவர்கள்' என்பதற்கான ஒரு சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. அதனால் 'அந்த எழுத்து இல்லாமல்' என்றால் 'அவர்கள் இல்லாமல்' என்றும் காதில் விழும். பெரெக்கின் அப்பா 1940-ல் போரில் இறந்தார். அம்மாவை 1943-ல் நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். இதை ஆங்கிலத்தின் எந்த எழுத்தும் தாங்காது. அடிக்குறிப்பு போட்டு விளக்கலாமே என்று கை பரபரக்கும். கதைக்குள் அதைச் செய்யாதீர்கள், முன்னுரையில் சொல்லுங்கள்.

படி 6: பிரெஞ்சே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள், விளக்கம் சொல்லாதீர்கள்.

பயிற்சிக்குக் கெனோவின் 'எக்ஸெர்ஸீஸ் த ஸ்தீல்' நல்லது. ஒரே பேருந்துச் சம்பவத்தை 99 விதமாகச் சொல்லும் புத்தகம். பெரும்பாலான துண்டுகள் ஒன்றிரண்டு பக்கம்தான். ஒன்றை நீங்கள் முடித்த பிறகு பார்பரா ரைட்டின் ஆங்கிலத்தைத் திறங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.