வேலையை விடாமல் எம்.எஸ். படிக்க

வீடு கிருஷ்ணகிரி, வேலை பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி. தினமும் போக வர பஸ்ஸிலேயே நாலு மணி நேரம். அதனால் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ்.ஸைத் தேர்ந்தெடுத்தேன். 2014-இல் தொடங்கிய படிப்பு. 10 பாடம், 30 கிரெடிட். ஆய்வேடு கட்டாயமில்லை, ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வும் வேண்டாம்.

விண்ணப்பத்தில் என்னை இழுத்தடித்தது 3 பரிந்துரைக் கடிதங்கள்தான். கல்லூரியில் பாடம் எடுத்தவரைக் கேட்டால், “நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்” என்றார். அது உதவாது, எழுதுபவரே ஆன்லைனில் ஏற்ற வேண்டும். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த டீம் லீடைக் கேளுங்கள். நீங்கள் செய்த ப்ராஜெக்ட்டுகளை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் சுலபம்.

சேர்ந்ததும் ஆசையில் இரண்டு பாடம் எடுக்காதீர்கள். ஒன்று போதும், அதுவே ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிவிடும். முதல் 12 மாதத்துக்குள் அடிப்படைப் பாடங்கள் இரண்டில் ‘பி’ கிரேடாவது வாங்க வேண்டும். அல்காரிதம் பாடம் கடினம், பிறகு பார்க்கலாம்.

அப்புறம் தேர்வு. வெப்கேம் முன்னால், அறையில் தனியாக எழுத வேண்டும். ஒரு மே மாதம், தெருவில் மாங்காய் லாரி ஹாரன் அடிக்க, நடுவில் கரண்ட் போனது. லேப்டாப் அணையவில்லை, வைஃபை மட்டும் போய்விட்டது. மறுநாளே ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்கினேன்.