இரவில் இறங்கிய பிஹெச்

பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியில் இரவானால் பிஹெச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) 7.7-க்கு இறங்கிவிடும். முதல் சந்தேகம் கால்சியம் ரியாக்டர் மேல்: கார்பன் டை ஆக்சைடால் சுண்ணாம்புத் துண்டுகளைக் கரைத்துப் பவளங்களுக்குத் தரும் கருவி அது; அந்த வாயு நீரில் கூடினால் பிஹெச் இறங்கும். கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைக் குறைத்துப் பார்த்தேன், ஆல்கலினிட்டிதான் (நீர் அமிலத்தைத் தாங்கும் திறன்) சரிந்தது. பிஹெச் அளக்கும் புரோபை பிஹெச் 7, 10 கரைசல்களில் சரிபார்த்தும் அதே எண்.

ஏசி பழுதாகி ஜன்னல் திறந்திருந்த இரவில் மட்டும் பிஹெச் இறங்கவில்லை. ஒரு குவளை தொட்டி நீரை மொட்டைமாடியில் வைத்து, பேட்டரி ஏர் பம்பால் ஒரு மணி நேரம் காற்றூட்டினேன்: 8.2! ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை. மூடிய அறையில் நாங்கள் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடைத்தான் ஸ்கிம்மர் (காற்றுக் குமிழிகளால் கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது.

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஏசி பைப் போகும் ஓட்டை வழியாக வெளியே விட்டேன். மழைநீர் ஏறாதபடி நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைத் துண்டு கட்டினேன். இப்போது இரவிலும் 8.0, அப்பாடா. மாநகராட்சி கொசுப்புகை அடிக்க வரும் நேரத்தில் மட்டும் குழாயை உள்ளே இழுத்துக்கொள்வேன்; அந்த மருந்து இறால்களுக்கு ஆகாது.