பழைய ஆல் வீல் டிரைவ் வண்டியை மலைக்கும் பனிக்கும் தயார் செய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் ஒன்று கைமாறினால், வாங்கியவர் முதலில் போய் நிற்பது ஆக்சசரீஸ் கடையில்தான். கூரைக்கு ஒரு கேரியர், நெற்றிக்கு ஒரு எல்.இ.டி. பார், முன்னால் தடித்த கம்பி பம்பர் என்று கையில் இருந்த காசு அங்கேயே கரைந்துவிடும். இடது வலது சக்கரத்துக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலில் எந்தக் காலத்து ஆயில் கிடக்கிறது என்ற கேள்வி மட்டும் வராது.

இந்த மாடல் இங்கே 2014-ல் வந்தது. 2020-ல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி அமலானபோது டீசல் எஞ்சினோடு சேர்ந்து நின்றுபோனது. ஆகவே சந்தையில் கிடைப்பது எதுவும் இளசு இல்லை. ஸ்கோடா எட்டி, எக்ஸ்யூவி500 ஆல் வீல் டிரைவ், பழைய சி.ஆர்-வி என்று வேறு எதை வைத்திருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். நமக்கு வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. பீஞ்சமந்தை மாதிரி மலைக்கிராமத்து மண்சாலை, ஜமுனாமரத்தூர் பக்கம் மழைக்காலச் சேறு, என்றைக்காவது ஒருமுறை இமாச்சலப் பனி. இதற்குக் கம்பெனியில் இருந்து வந்த நிலையில், பழுதில்லாமல் இருக்கும் வண்டியே பெரும்பாலும் போதும். "பழுதில்லாமல்" என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் தாங்காது. அக்னி நட்சத்திரத்தில் வெளியில் நின்று நின்று லோயர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுன்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஆக்சில் பூட் எல்லாம் வெடித்துப்போயிருக்கும். அந்த நிலையில் உயரமான ஸ்பிரிங் போடுவது வீண் செலவு. முதலில் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். பின்பக்கத்துக்கு இழுவையை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலும் பின் டிஃபரன்ஷியல் ஆயிலும் தனித்தனி. சாதாரண சர்வீஸில் பல பட்டறைகள் இவற்றைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அவர்கள் பார்க்கும் வண்டிகளில் முக்கால்வாசி முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. நீங்கள்தான் கேட்டு மாற்ற வேண்டும்.

அடுத்தது டயர். கொஞ்சம் காசுதான் இருக்கிறது என்றால் முழுவதையும் இதிலேயே போடுங்கள் என்பேன்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தேய்ந்த இரண்டை மட்டும் மாற்றுவது. முன்சக்கர வண்டிக்கு அது சரி. ஆல் வீல் டிரைவில் புது டயரின் சுற்றளவும் பழைய டயரின் சுற்றளவும் வேறு, அதனால் முன்னும் பின்னும் சுற்றும் வேகமும் வேறாகிவிடும். முன்னையும் பின்னையும் இணைக்கும் கப்ளிங் அந்த வித்தியாசத்தை ஓயாமல் உரசிச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். அது சூடேறிப் போய்விட்டால், மிச்சம் பிடித்த இரண்டு டயர் காசைப் போலப் பல மடங்கு செலவு. நான்கையும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாகச் சேர்த்து மாற்றி, நேரத்துக்கு இடம் மாற்றிப் போடுங்கள்.

இரண்டாவது தவறு, டயரைப் பெரிதாக்கும் ஆசை. டஸ்டருக்கு வரும் 215/65 ஆர்16-ஐ 215/70 ஆக்கினால் விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. கூடும். ஆனால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே கிடைப்பது அதில் பாதி, சுமார் 11 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். இதுவரை சமாளிக்கலாம். இதற்கு மேலே போனால் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது உள் லைனரில் உரசும். பல்பல்லாக இருக்கும் மட் டெரெய்ன் டயரும் வேண்டாம். ஓட்டத்தில் பெரும்பங்கு பெங்களூர் நெடுஞ்சாலையிலும் சென்னை நெடுஞ்சாலையிலும்தான். அங்கே அது இரைச்சல் போடும், மழையில் பிரேக் பிடிக்க அதிக தூரம் எடுக்கும். தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான, மிதமான ஆல் டெரெய்ன் போதும்.

பனிக்கென்று வாங்குபவர்கள் டயர் பக்கவாட்டில் எம்+எஸ் என்று இருந்தாலே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது வெறும் வடிவக் குறி. மூன்று சிகரத்துக்குள் பனிப்பூ வரைந்திருக்கும் குறிதான் பனியில் சோதித்துப் பார்த்ததற்கு அடையாளம். ஆனால் உண்மையான குளிர்கால டயரின் ரப்பர், 7 டிகிரிக்குக் கீழே விறைக்காமல் இருக்கச் செய்த மென்மையான கலவை. வேலூர் மே மாதத்தில் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். இங்கே இருப்பவருக்கு ஆல் டெரெய்ன் டயரும் ஒரு ஜோடி பனிச் சங்கிலியும்தான் புத்திசாலித்தனம். சங்கிலியை வாங்கியதும் வீட்டு வாசலிலேயே மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். எந்த ஆக்சிலுக்கு என்று உரிமையாளர் கையேட்டில் பாருங்கள். உள்பக்கம் ஸ்ட்ரட்டில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். பனி தீர்ந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

சரி, உயரம். ஒரு அங்குலம்வரை நல்ல ஸ்பேசரோ ஸ்பிரிங்கோ போட்டு, அலைன்மென்ட் பார்த்துவிட்டால் பெரிய தொல்லை இல்லை. அதற்கு மேல் ஏற்றினால் ஆக்சிலின் சாய்வு கூடி, அதன் முனையில் இருக்கும் சி.வி. ஜாயின்ட்டும் அதை மூடும் ரப்பர் பூட்டும் சீக்கிரம் போகும். இதைவிட மோசம், ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே சொருகும் ரப்பர் பஃபர். மலிவு, பத்து நிமிட வேலை, வண்டியும் கொஞ்சம் தூக்கினாற்போல் தெரியும். ஆனால் அந்தச் சுருள் அசையாது. பள்ளம் மேட்டில் சக்கரம் தரையோடு இறங்கி ஏறாமல் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரத்துக்கு ஆல் வீல் டிரைவ் ஒன்றும் செய்யாது.

லாக் சுவிட்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். அதைப் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இடது வலது டிஃபரன்ஷியல் பூட்டாது. குறுக்காக இரண்டு சக்கரம் தூக்கிவிட்டால் அவை இரண்டும் வெறுமனே சுற்றும். காய்ந்த தார்ச்சாலையில் லாக் போட்டுக்கொண்டு யு-டர்ன் அடிப்பது கப்ளிங்குக்குச் செய்யும் கொடுமை. மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியரும் கிடையாது. டஸ்டரின் முதல் கியர் குட்டையானது, மெதுவாக ஊர்ந்து ஏறும், அதை நம்பி கிளட்சை முழுக்க விட்டு ஏறுங்கள். பாதி மிதித்தபடி ஏறினால் கருகின வாசனை வரும்.

பாலாற்று மணலில் இன்னொன்று. காற்றைக் குறைக்காமல் உள்ளே இறங்கி, சிக்கியதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பது. சக்கரம் குழி தோண்டும், கப்ளிங் சூடேறி விலகிக்கொள்ளும், வண்டி முன்சக்கர வண்டியாகிவிடும். 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டு நிதானமாகப் போங்கள். வெளியே வந்ததும் நிரப்பக் கையோடு ஒரு சின்ன கம்ப்ரசர் வேண்டும், குறைந்த காற்றோடு நெடுஞ்சாலை ஏறக் கூடாது. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் ஏராளம், நடந்து பார்க்காத இடத்தில் இறங்காதீர்கள். ஜவ்வாதிலும் அமிர்தியிலும் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டி இறக்குவது குற்றம் என்பது தனி.

பனிக்குப் போகும் வண்டியில் நம் ஊர்க்காரர் செய்யும் ஆபத்தான தவறு ரேடியேட்டரில்தான் இருக்கிறது. கோடையில் வழியில் குறைந்ததென்று குழாய்த் தண்ணீரை ஊற்றி, நாளடைவில் கூலன்ட் பேருக்கு மட்டும் இருக்கும். இங்கே அதனால் உப்புப் படியும், அவ்வளவுதான். மணாலியில் ஒரு இரவு மைனஸில் நின்றால் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கலாம். கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் வேண்டாம்.

டீசலும் அப்படித்தான். நம் பக்கத்து டீசலில் இருக்கும் மெழுகு கடுங்குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்ததே இதனால்தான். மலை ஏறும் முன் டேங்கைக் கீழே நிரப்பிக்கொண்டு போகாமல், மேலே இருக்கும் பங்க்கில் நிரப்புங்கள். டயர் காற்றையும் அங்கேதான் சரி பார்க்க வேண்டும். குளிர் அதைக் குறைக்கும், 5-6 டிகிரிக்கு ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. ஆனால் உயரத்தில் வெளிக்காற்று இளைப்பதால் கேஜ் ஏற்றியும் காட்டும். வேலூரில் கணக்குப் போட்டுப் பயனில்லை. இரவில் ஹேண்ட்பிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் ஒன்று மிச்சம். ஆல் வீல் டிரைவ் கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்தில்தான். பனியில் ஜம்மென்று கிளம்பியதை நம்பி இறக்கத்தில் வேகம் எடுப்பவர்கள்தான் பள்ளத்தில் கிடக்கிறார்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. லடாக்கில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்து ஒரு மாலை பேசினால், இரண்டாம் கியரில் எப்படி இறங்குவது என்று எந்த வீடியோவையும்விட நன்றாகச் சொல்லுவார்.

கம்பி பம்பருக்கு வருவோம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் எதிரே நடப்பவருக்கு ஆபத்து, ஏர்பேக் விரியும் நேரத்தையும் குழப்பும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பையே மாற்றுவதற்கு அனுமதி இல்லை. அந்தக் காசுக்கு எஞ்சினுக்கு அடியில் உறுதியான காப்புத் தகடு, அதாவது சம்ப் கார்டு, போடலாம். ஆயில் மாற்ற ஓட்டை இருக்கிறதா, சேறு தங்காமல் வடியுமா என்று பார்த்து வாங்குங்கள். இழுத்தெடுக்கக் கயிற்றை சஸ்பென்ஷனில் கட்டாமல், கம்பெனி கொடுத்த கொக்கியிலேயே மாட்டுங்கள். கேரியரில் கனமான சாமானை ஏற்றாதீர்கள், கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்.

செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வடக்கே போகிறவர்கள் ஆர்.சி. தேதியையும் பாருங்கள். பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் கட்டுப்பாடுகள் உண்டு, விதியும் அடிக்கடி மாறுகிறது. கிளம்புகிற வாரத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டு வழியை முடிவு செய்யுங்கள்.