‘உங்களுக்குக் கராத்தே தெரியுமாமே!’ என்று கேட்பவரிடம் செய்யக் கூடாதவை

பல வருடம் தற்காப்புக் கலை பழகியவர்களுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: “ஐயோ, அப்போ உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்!” நீங்கள் பழகியது ஜூடோவோ சிலம்பமோ, கேட்பவருக்கு எல்லாமே கராத்தேதான். கூடவே கையைக் கத்தி மாதிரி நீட்டி ஒரு ‘ஹூ... ஹா’ சத்தமும் வரும். சிலம்பக்காரர் என்றால் “கம்பு கையில இல்லாதப்ப என்ன பண்ணுவீங்க?” என்ற கேள்வி உறுதி. வர்மம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் போதும், ஒரு விரலால் தொட்டு ஆளை மயக்கிவிடுவீர்களா என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இதற்கெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சொன்னவர் அதை நகைச்சுவை என்று நினைக்கிறார், அவ்வளவுதான். தவறு நடப்பது வேறு இடங்களில். விஷயம் தெரிந்ததும் ஒருவர் காட்டும் முகத்தில் உங்களைப் பற்றிய செய்தி குறைவு, அவரைப் பற்றிய செய்தி அதிகம். ஒருவருக்குப் பயம், ஒருவருக்குப் போட்டி, இன்னொருவருக்கு வெளியே சொல்ல முடியாத ஏதோ ஒன்று. எதிரே இருப்பது எது என்று பார்க்காமல், வித்தையைப் பற்றியே கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

செய்து காட்டுவது

“சும்மா, என் கையைப் பிடிச்சு ஏதாவது பண்ணிக் காட்டுங்களேன்.” இதற்குத் தலையாட்டுவதைவிடப் பெரிய தவறு இந்தப் பட்டியலில் கிடையாது.

வகுப்பில் உங்களோடு பழகுபவர் சூடேற்றிய உடம்போடு வருகிறார். விழத் தெரிந்தவர். கீழே மேட் விரித்திருக்கிறது. வலித்தால் டேப் செய்வார், அதாவது கையால் தட்டி ‘போதும்’ என்பார், நீங்களும் அந்த நொடியே விடுவீர்கள். வரவேற்பறையில் இதில் ஒன்றுகூட இல்லை. கீழே டைல்ஸ், இரண்டடி தள்ளி மேஜை முனை, எதிரே இருப்பவருக்கு டேப் என்றால் என்னவென்றே தெரியாது.

மணிக்கட்டை மடக்கி அசையவிடாமல் பிடிக்கும் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பழகியவர் அழுத்தம் வரும் திசையிலேயே உடம்பைக் கொண்டுபோய் மூட்டைக் காப்பாற்றிக்கொள்வார். பழகாதவர் பதறி, கையை எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுப்பார். நீங்கள் மெதுவாகத்தான் பிடித்திருப்பீர்கள், சுளுக்கை உண்டாக்குவது அவருடைய இழுப்பு. கீழே தள்ளிக் காட்டினால் இன்னும் மோசம். விழத் தெரியாதவர் கையை நீட்டித் தரையில் ஊன்றுவார். மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் அப்படித்தான். குதிகாலைப் பிடித்துத் திருகும் பூட்டில், வலி வந்து எச்சரிப்பதற்கு முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடக்கூடும். கழுத்தின் இரு பக்கமும் உள்ள ரத்தக் குழாய்களை அழுத்தும் பிடியில் சுமார் பத்து விநாடிகளுக்குள் நினைவு போய்விடும். முதல் தடவை அனுபவிப்பவருக்கு அது மூச்சு முட்டுவது போலக்கூட இருக்காது. ‘ஒண்ணும் ஆகலையே’ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிவிடும்.

இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு கிடைப்பதுதான் என்ன? மெதுவாகச் செய்தால் “இவ்வளவுதானா?” என்பார். உண்மையாகச் செய்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். நடுவில் ஒரு இடம் கிடையாது.

“மேட் இல்லாம செய்யறதில்லைங்க. கிளாசுக்கு வாங்க, நல்லா சொல்லித் தருவாங்க” என்று சொல்லிவிடுங்கள். உண்மையான ஆர்வம் உள்ளவர் எங்கே, எப்போது என்று கேட்பார். மற்றவர் அத்தோடு விட்டுவிடுவார். கூட்டமே கேட்கிறது, மறுக்க மனமில்லை என்றால் தனியாகச் செய்யும் அசைவு வரிசை ஒன்றைக் காட்டலாம். இன்னொருவர் உடம்பைத் தொடாமல் முடித்துக்கொள்ளுங்கள்.

சிலர் கேட்கக்கூட மாட்டார்கள். ‘ரிஃப்ளெக்ஸ்’ சோதிக்கிறேன் என்று பின்னாலிருந்து வந்து கழுத்தைப் பிடிப்பார்கள், முகத்துக்கு நேரே குத்து விடுவதுபோல் கையை ஓங்குவார்கள். இதில் முதல் தடவை சேர்ந்து சிரிப்பது தவறு. அந்தச் சிரிப்பை அனுமதி என்று எடுத்துக்கொண்டு தினமும் செய்வார்கள். முதல் தடவையே, குரலை உயர்த்தாமல், “இது வேண்டாம், யாருக்காவது அடிபட்டுடும்” என்று சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் பிடித்தால் பயிற்சி பெற்றவரும் எல்லோரையும் போலத்தான் திடுக்கிடுவார். சினிமாவில் வருவதுபோலக் காற்றில் சுழன்று உதைப்பதில்லை. இதை ஒப்புக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும்

“பிளாக் பெல்ட்டா?” என்ற கேள்விக்கு இரண்டு மோசமான பதில்கள் உண்டு. ஒன்று, ஆமாம் என்று சொல்லி, கேட்பவர் மனதில் இருக்கும் சினிமாப் படத்தை அப்படியே விட்டுவிடுவது. மற்றொன்று, “அட, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று நெளிவது. இரண்டாவது பணிவு போலத் தெரியும். பின்னால் உண்மை தெரியவரும்போது, எதையோ மறைத்தீர்கள் என்று நினைப்பார்கள்.

இந்தக் கறுப்புப் பெல்ட் மயக்கத்துக்கு ஒரு பின்னணி உண்டு. தற்காப்புக் கலைகளில் ‘டான்’ என்ற, கறுப்புப் பெல்ட்காரர்களுக்கான தரவரிசையைக் கொண்டுவந்தவர், 1882-இல் டோக்கியோவில் கோடோகன் பள்ளியைத் தொடங்கிய ஜூடோவின் தந்தை கானோ ஜிகோரோ. அங்கிருந்துதான் அது கராத்தேவுக்குப் போனது. கராத்தேயில் முதல் கறுப்புப் பெல்ட்டுகளை, அதை ஜப்பானில் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின் 1924-இல் வழங்கினார். இன்றைக்கு ஒரே நிறத்துக்குக் கலைக்குக் கலை வேறு அர்த்தம். தரையில் பிடித்து மடக்கும் கலையான பிரேசிலியன் ஜியு ஜிட்சுவில் அதற்குச் சுமார் பத்து வருடம் பிடிக்கும், பெரிய கூட்டமைப்பின் விதிப்படி 19 வயதுக்கு முன் கொடுப்பதும் இல்லை. டேக்வாண்டோவில் சிறுவர்களுக்கு ‘பூம்’ என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் மூன்று நான்கு வருடத்தில் கறுப்பு இடுப்பில் ஏறிவிடும். ஆகவே ‘பிளாக் பெல்ட்’ என்ற ஒற்றைச் சொல்லால் கேட்பவருக்கு எதுவும் புரியப் போவதில்லை. “ஜூடோ பழகறேன், பதினஞ்சு வருஷமாச்சு, வாரத்துல மூணு நாள் போவேன்” என்றால் விஷயம் முடிந்தது. இதில் பெருமையும் இல்லை, ஒளிவும் இல்லை. கேட்டவர் அடுத்து முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பார், பேச்சு மனிதர்கள் பேசும் பேச்சாகிவிடும்.

“உங்க கையை ஆயுதமா பதிவு பண்ணி வெச்சிருக்கணுமாமே?” என்றும் கேட்பார்கள். பசிபிக்கில் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கும் குவாம் தீவின் சட்டத்தில் கராத்தே, ஜூடோ வல்லுநர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு விசித்திரமான பிரிவு உண்டு. மற்றபடி இது வெறும் கட்டுக்கதை. ஆனால் வேடிக்கைக்காகக்கூட அதை ஆமோதிக்க வேண்டாம். தற்காப்புக்காக அடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அந்த அடி அந்தச் சூழ்நிலைக்குத் தேவையான அளவில் இருந்ததா என்றுதான் பெரும்பாலான நாடுகளின் நீதிமன்றங்கள் பார்க்கும். உங்கள் பயிற்சியும் அந்தக் கணக்கில் வரலாம். “நான் நினைச்சா ரெண்டு நிமிஷத்துல ஆளைக் காலி பண்ணிடுவேன்” என்று வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டாக எழுதியது, பின்னாளில் உங்களுக்கு எதிராகவே எடுத்துக் காட்டப்படலாம்.

வம்புக்கு வருபவர்

விருந்தில் இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் ஒருவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு வருவார். “கராத்தே கிராத்தே எல்லாம் தெருச் சண்டைக்கு ஆகாது, வா பார்ப்போம்.” அவரிடம் உங்கள் கலையின் பெருமையை விளக்க உட்காராதீர்கள். வாங்கிய பதக்கங்களைச் சொல்வது, கையை இறுக்கிக் குலுக்கிப் பலம் காட்டுவது எல்லாமே அவருக்குத் தீனி. அவருக்கு வேண்டியது பார்வையாளர்கள்.

“நீங்கதான் ஜெயிப்பீங்க, சார்” என்று சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்யுங்கள். தன்மானம் கொஞ்சம் எரியும், பரவாயில்லை. தெருவில் ஒரே குத்தில் ஆள் இறந்துபோகும் சம்பவங்களில் உயிரைப் பறிப்பது பல நேரங்களில் அந்தக் குத்து இல்லை. நினைவு தப்பி, கையை ஊன்றாமல் சாயும் தலை கான்கிரீட்டில் மோதுவதுதான். இப்படிப்பட்ட மரணங்களுக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. குடித்திருப்பவருக்கு நிலை தடுமாற்றம் ஏற்கெனவே இருக்கிறது. அவரை லேசாகத் தள்ளினாலும் எப்படி விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

பழகும் பெண்களுக்கு இதே வம்பு கொஞ்சம் இனிப்புத் தடவி வரும். “எங்கே, என்னைக் கீழே தள்ளு பார்ப்போம்” என்று எண்பது கிலோ ஆண் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். ஜூடோவிலும் குத்துச்சண்டையிலும் எடைப் பிரிவுகள் வைத்திருப்பதே எடைக்கு அவ்வளவு மதிப்பு இருப்பதால்தான். தள்ளிவிட்டால் “நான்தான் விட்டுக்கொடுத்தேன்” என்பார், தள்ளாவிட்டால் “பார்த்தியா” என்பார். வெல்ல வழியே இல்லாத ஆட்டத்தில் ஏன் இறங்க வேண்டும்?

எந்தக் கலை பெரியது என்ற விவாதத்தில் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். வெவ்வேறு கலைக்காரர்கள் மோதிக்கொள்ளும் யு.எஃப்.சி போட்டி 1993-இல் முதன்முதலாக நடந்தபோது ஒல்லியான ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஜெயித்த நாளிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பொழுது போக வேண்டுமானால் சேர்ந்துகொள்ளுங்கள்.

‘நம்ம ஆள் இருக்கான்ல’

இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நீங்கள் கூட இருக்கும் தைரியத்தில் நண்பர் பார்க்கிங்கில் வாய்ச்சண்டை இழுப்பார். உங்களைக் கேட்காமலே உங்களைக் காவலாளாக வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டார். அந்த நேரத்தில் முன்னால் போய் நிற்பதும், “விடுறா, நான் பார்த்துக்கறேன்” என்பதும் அந்த வேலையில் கையெழுத்துப் போட்டதாகிவிடும். அவரை இழுத்துக்கொண்டு கிளம்புங்கள். பிறகு, நல்ல மனநிலையில் இருக்கும்போது, “நீ சண்டை இழுத்தா நான் உன்னைக் கூட்டிட்டுப் போவேன், உனக்காக அடிக்க மாட்டேன்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளை பள்ளியில் “எங்கப்பா உங்கப்பாவை அடிச்சிடுவார்” என்று சொல்லித் திரிந்தால் அவனிடமும் இதே பேச்சுதான், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

காயத்தைப் பற்றிக் கேட்டால் கோபப்படுவது

ஜூடோ, ஜியு ஜிட்சு பழகுபவர்களின் மேற்கையில் விரல் தடம் மாதிரியே கன்றிப்போயிருக்கும். எதிராளி சட்டையைச் சேர்த்துப் பிடித்து இழுக்கும் இடம் அது. பெண்களாக இருந்தால் அலுவலகத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி விசாரிப்பார். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்பார். இதற்குப் பொங்குவதும் தவறு, “ஆமா, புருஷன் அடிச்சார்” என்று நக்கலாகச் சொல்லிச் சிரிப்பதும் தவறு. கேட்டவர் சரியான வேலையைத்தான் செய்தார். “ஜூடோ வகுப்புல சட்டையைப் பிடிக்கறதால வந்தது” என்று நேராகச் சொல்லி, கேட்டதற்கு நன்றியும் சொல்லுங்கள்.

தாழ்ந்த குரலில் வரும் கேள்வி

எல்லோரும் ஆர்ப்பாட்டமாகக் கேட்பதில்லை. விஷயம் தெரிந்ததும் ஒருவர் சட்டென்று அமைதியாகி, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். அவரைத் துரத்திப் போய், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. “எனக்குக் கோபம் வராத வரைக்கும் பயமில்லை” என்ற பழைய ஜோக்கை மட்டும் அவரிடம் விடாதீர்கள். உங்களுக்கு அது ஜோக். அடிபட்டு வளர்ந்த ஒருவருக்கு அது கேட்டுப் பழகிய வசனம்.

இன்னொருவர் கூட்டம் கலைந்த பிறகு வந்து கேட்பார்: “ஒருத்தர் கழுத்தைப் பிடிச்சா எப்படி விடுவிச்சுக்கறது?” பயிற்சியாளர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். நல்ல தொழில்நுட்பக் கேள்வி வந்துவிட்ட உற்சாகத்தில் “தாடையைக் கீழே இறக்குங்க, கையை இப்படிக் கொண்டு வாங்க” என்று பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து நிமிடத்தில் கற்ற பிடி, பயத்தில் உடம்பு உறைந்திருக்கும்போது கைக்கு வராது. பொய்த் துணிச்சலைக் கொடுத்து நிலைமையை மோசமாக்கவும் செய்யலாம்.

அவர் சொல்லும் அந்த ‘ஒருத்தர்’ உண்மையிலேயே இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். “ஏதாவது நடந்துச்சா?” என்று தனியாக, அவசரமில்லாமல் கேளுங்கள். இல்லை என்றால் அத்தோடு விடுங்கள். ஆமாம் என்றால், இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது: துணையின் கழுத்தை ஒருவர் நெரித்திருந்தால், பின்னாளில் அது கொலையில் முடியும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளியே தடமே இல்லாவிட்டாலும் உள்ளே ரத்தக் குழாயில் காயம் இருக்கலாம், ஆகவே டாக்டரைப் பார்ப்பது அவசியம். கழுத்துப் பிடிகளின் விளைவு தெரிந்த ஆள் என்ற முறையில் இதை நீங்கள் சொன்னால் எடுபடும். உங்கள் கலை உண்மையில் உதவுவது இந்த ஒரு இடத்தில்தான்.

“நீங்க ஏன் திருப்பி அடிக்கலை?” என்று மட்டும் கேட்காதீர்கள். “அவன் யார்னு சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்” என்பதும் வேண்டாம். நீங்கள் போய் மிரட்டிவிட்டு வீடு திரும்பிவிடுவீர்கள், அன்றிரவு அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியவர் அவர்தான். அவர் போய்த் தங்க ஓர் இடம் இருக்கிறதா, நம்பிச் சொல்ல இன்னொரு ஆள் உண்டா என்று கேளுங்கள். உதவி மையத்தின் எண்ணைக் கொடுப்பதாக இருந்தால் யோசிக்காமல் அவர் போனுக்கு அனுப்பிவிடாதீர்கள், வீட்டில் வேறு யாராவது அந்தப் போனை எடுத்துப் பார்க்கலாம். எப்படிக் கொடுத்தால் அவருக்குத் தொந்தரவு வராது என்று அவரிடமே கேட்டு, அப்படியே கொடுங்கள்.