இரவுப் புட்டில் தொடங்குங்கள்

சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றப்போகிறோம் என்று திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரேயடியாக விடுபவர்கள், வெள்ளிக்கிழமை கொத்துரொட்டிக் கடையில் நிற்பார்கள். ஒரு நேரச் சாப்பாட்டை மட்டும் எடுங்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் அதற்குத் தோதானது இரவுப் புட்டு. அளவு தெரியாமல் உள்ளே போவது அதுதான்.

காரணம் சொதி, அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு. புட்டுக்கு மேல் ஊற்றிக் குழைத்தால் மெல்லும் வேலையில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கும். ஐந்து நிமிடத்தில் கோப்பை (சாப்பாட்டுத் தட்டு) வெறுமை. வயிறு நிரம்பியதை உடல் உணர ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். அதற்குள் இரண்டாம் தரமும் போட்டு முடித்திருப்போம்.

ஆகவே சொதியைச் சின்னக் கிண்ணத்தில் தனியே வையுங்கள். முதலில் கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறை, கத்தரிக்காய்க் கறி, வாழைப்பூ என்று மரக்கறி. கால்வாசிக்கு மீன், முட்டை அல்லது பருப்பு. மிச்சக் கால்வாசிதான் புட்டு. தேத்தண்ணிக் கப்பால் அளந்தால் ஒரு கப், உடம்பால் வேலை செய்பவருக்கு ஒன்றரை. விரல் நுனியில் அள்ளும் சின்னப் பிடியாக, வறையோடு சேர்த்து மெல்லுங்கள். புட்டிலுள்ள தேங்காய்ப்பூவின் (துருவலின்) இனிப்பு நாக்கில் தெரிந்தால் மெல்லும் வேகம் சரி. சொதி கடைசி நாலு பிடிக்கு மட்டும். ரிவியும் போனும் அணைந்திருக்கட்டும்.

இன்னும் வேண்டும்போல இருந்தால் பத்து நிமிடம் பொறுங்கள், கை காய்ந்தாலும் பரவாயில்லை. பிறகும் பசித்தால் தாராளமாகப் போடலாம். புட்டுப் பானை மேசையிலேயே இருந்தால் இது நடக்காது. அடுப்படியில் விட்டுவிட்டு வாருங்கள்.

மாவையும் கவனிக்க வேண்டும். தனிக் கோதுமை மாப் புட்டு மெதுமெதுவென்று இருக்கும், நார்ச்சத்துக் குறைவு. வறுத்த சிவப்பரிசி மா இரண்டு பங்குக்குக் குரக்கன் (கேழ்வரகு) மா ஒரு பங்கு கலந்து பாருங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழையுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கட்டிபட்டு, அவிந்ததும் களிபோல ஒட்டும். பிறகு வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள், பழி குரக்கனுக்கு. அதற்காகக் குரக்கன் புட்டு எவ்வளவும் சாப்பிடலாம் என்றில்லை, அதுவும் மாச்சத்துத்தான். இன்சுலின் போடுபவர்களும் நீரிழிவுக் குளிசை எடுப்பவர்களும் அளவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தத்தில் சீனி இறங்கி மயக்கம் வரலாம்; முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

உப்பு ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில் வறைக்கு உப்பு வேண்டாம், அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுக்கவும் அந்தப் புளி உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அதே இரும்புச்சத்து வீணாகும். ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.

விருந்துக்குப் போனால் “காணும்” (போதும்) என்ற சொல்லை ஒருவரும் காதில் வாங்கமாட்டார்கள். கோப்பைக்கு மேல் கையை விரித்துப் பிடிப்பது ஒன்றுதான் வழி, அதுவும் அகப்பை வருவதற்கு முன்.

பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில் இந்த வித்தையெல்லாம் தேவையில்லை. பிலாவிலையைக் கோலி, ஊதி ஊதித்தான் குடிக்கமுடியும். கொதிப்பே வேகத்தைப் பார்த்துக்கொள்ளும்.