காக்கை இறகில் பசிக்கோடு பார்ப்பது எப்படி?

ஒரு காக்கை குஞ்சாக இருந்தபோது அரைவயிறும் கால்வயிறுமாக வளர்ந்ததா என்பதை, அது பறக்கத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் அதன் வால் இறகைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். தீனி தவறிய நாட்களில் இறகின் குறுக்கே விழும் மெல்லிய கோட்டைத்தான் பசிக்கோடு என்கிறேன். பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை, உதிர்ந்து கிடக்கும் இறகே போதும். சாய்வான வெளிச்சம், இரண்டு குண்டூசி, ஒரு வெள்ளை அட்டை, மில்லிமீட்டர் அளவுகோல் இருந்தால் போதும்.

முதலில் சரியான இறகு வேண்டும். இளங்காக்கை முதல் ஆண்டில் உடலின் சிறு இறகுகளைத்தான் மாற்றிக்கொள்ளும். குஞ்சுப் பருவத்தில் முளைத்த வால் இறகுகள் மறு ஆண்டு வரை அப்படியே இருக்கும். அவைதான் நமக்குத் தேவை. ஒடுங்கி, நுனி சற்றே கூராக, வெயிலில் பழுப்பேறி இருந்தால் இளங்காக்கையின் இறகு. அகன்று, நுனி மழுங்கி, நீலக்கருப்பாகப் பளபளத்தால் அது பெரிய காக்கையுடையது. குஞ்சுப் பருவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது, விட்டுவிடுங்கள்.

இறகை அட்டையில் வைத்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும்படி மெல்லத் திருப்புங்கள். என் மாணவர்கள் எடுத்த எடுப்பில் டார்ச்சை நேர் மேலிருந்து அடிப்பார்கள். அப்படிச் செய்தால் வெறும் கருப்புதான் தெரியும். சாய்த்துப் பிடித்தால் தண்டுக்குக் குறுக்கே ஒரு மங்கல் பட்டை, ஒரு பளபளப்புப் பட்டை என்று மாறி மாறி வரும். இரண்டும் சேர்ந்த ஒரு சோடி ஒரு பகலும் இரவும் வளர்ந்த அளவு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிரப் 1989-இல் இந்தப் பட்டைகளை வைத்தே பறவையின் ஊட்டத்தை அளக்கலாம் என்று எழுதினார். அடியிலிருந்து இறகு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதன் இருபுறமுமாகப் பத்துச் சோடிகளை எண்ணுங்கள். முதல் சோடியின் தொடக்கத்திலும் கடைசிச் சோடியின் முடிவிலும் குண்டூசியைக் குத்தி, இடைவெளியை அளந்து பத்தால் வகுத்தால் ஒரு நாள் வளர்ச்சி கிடைத்துவிடும். பட்டை அகலமாக இருந்தால் அந்த நாட்களில் தீனிக்குக் குறைவில்லை.

இனி பசிக்கோடு. இறகை வானத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். முடியிழை அளவில் ஒரு கோடு தண்டைக் குறுக்காக வெட்டிச் செல்லும். அந்த இடத்தில் மட்டும் இறகு நைந்து ஒளி ஊடுருவும். நகத்தால் வருடினால் தட்டுப்படும், சில நேரம் அங்கேயே ஒடிந்துவிடும். வேட்டைக்கு வல்லூறு பழக்கியவர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். குஞ்சுக்குத் தீனி தவறிய நாளின் தடம் என்பார்கள். ஆனால் பசி மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். நன்றாகத் தின்ற பறவையைக்கூட அடிக்கடி கையில் பிடித்து மிரட்டினால் இதே கோடு விழுகிறது.

கோடு எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இறகில் முதலில் வளர்வது நுனி, கடைசியில் வளர்வது அடி. எனவே நுனிப்பக்கம் உள்ள கோடு கூட்டில் இருந்த நாட்களைச் சேர்ந்தது. காக்கைக் குஞ்சு வால் முழுதாக வளரும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். அடிப்பக்கம் கோடு இருந்தால், அது கிளையில் உட்கார்ந்து தாயிடம் வாயைப் பிளந்துகொண்டிருந்த காலத்தில் நேர்ந்த சங்கடம். ஒரே கூட்டில் குயில் குஞ்சும் பங்குக்கு இருந்ததோ என்னவோ, அதை இறகு சொல்லாது.

இதையெல்லாம் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. குஞ்சு பசித்தாலும் பயந்தாலும் அதன் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அந்த நேரத்துக்கு அது உதவிதான்: கத்திக் கேட்க வைக்கும், சேமித்த சக்தியை எடுத்துக் கொடுக்கும். நாள்கணக்கில் நீடித்தால்தான் வினை. கிட்டிவேக் என்ற கடற்பறவையின் குஞ்சுகளுக்கு இந்த ஹார்மோனைக் கூட்டிப் பார்த்தார் அலெக்சாண்டர் கிட்டாய்ஸ்கி. அவை கூடுதலாக இரை கேட்டுக் கத்தின. வளர்ந்த பிறகு இரை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொள்வதில் பின்தங்கின. ஸ்பெயின் நாட்டு வெண்ணாரைக் குஞ்சுகளைக் கையில் பிடித்தபோது எவற்றுக்கு ஹார்மோன் அதிகமாக எகிறியதோ, அவற்றில் பிழைத்து வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வந்தவை குறைவு என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது வரிக்குருவி ஆய்வு. குஞ்சுப் பருவத்தில் ஹார்மோன் கொடுக்கப்பட்டவை சீக்கிரம் இறந்தன. அவற்றோடு சோடி சேர்ந்த பறவைகளின் ஆயுளும் குறைந்தது.

ரத்தத்தில் இதை அளப்பது நம் வேலை அல்ல. பிடித்த மூன்று நிமிடங்களுக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும், பிந்தினால் பிடிபட்ட பயமே அளவை ஏற்றிவிடும். வனத்துறை அனுமதியும் தேவை. இறகிலும் இந்த ஹார்மோன் படிகிறது என்பதை கேரி போர்ட்டோலொட்டியின் குழு 2008-இல் நிறுவியது. அதற்கும் ஆய்வகம் வேண்டும்.

கேமரா உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். மொட்டைமாடிச் சுவரில் இளங்காக்கை வாலை விரித்துக் கோதும்போதோ, பருந்து தலைக்கு மேலே வட்டமிடும்போதோ படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். குஞ்சின் வால் இறகுகள் எல்லாம் ஒரே காலத்தில் முளைப்பதால், கெட்ட நாளின் கோடு அத்தனை இறகிலும் ஒரே வரிசையில் ஓடும். அது தெரிந்தால் குஞ்சுப் பருவத்தில் விழுந்த கோடு என்பதில் சந்தேகம் வேண்டாம். கோடு ஒரே ஓர் இறகில் மட்டும் என்றால் அந்த இறகுக்கு மட்டும் ஏதோ நேர்ந்திருக்கலாம். பட்டினிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பார்த்து முடித்ததும் தேதி, இடம், பத்துச் சோடியின் நீளம், நுனியிலிருந்து கோடு வரை உள்ள தூரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, இறகைக் கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள். இறகுச் சேகரிப்பு ஆசை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கொண்டுபோய் மாட்டிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காக்கைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் இறகையும் தொட வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடைப் பராமரிப்புத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.